அவருக்கு என்ன வேணும்? – ஐ.என்.ஏ. மார்க்கெட் சிறப்புக் கேள்வி-பதில்

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு முருங்கைக்காயும் வாழைப்பூவும் வஞ்சிரமும் தேடி வரும் தமிழ்ப் பெற்றோர்களின் கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. அடுத்தவர் பார்ப்பதையும் நினைப்பதையும் விரும்புவதையும் சின்னப் பிள்ளைக்குப் புரியவைப்பது எப்படி என்பதைத்தான் எல்லோரும் ஏதோ ஒரு வகையில் கேட்டிருக்கிறார்கள்.

கே: மூன்று வயது மகளிடம், "அப்பா பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம்?" என்றேன். "பிங்க் சைக்கிள்" என்கிறாள். இந்த வயதிலேயே இவ்வளவு சுயநலமா?
– வாசகி, லட்சுமிபாய் நகர்

ப: சுயநலம் இல்லை அம்மா, தாராளம். தனக்குத் தெரிந்ததிலேயே ஒசத்தியான பொருளை அப்பாவுக்குக் கொடுக்கச் சொல்கிறாள். அப்பாவுக்கு எது ஒசத்தி என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

1997-ல் உளவியலாளர்கள் பெட்டி ரெப்பகோலி, அலிசன் காப்னிக் இருவரும் ஒரு சோதனை வெளியிட்டார்கள். ஒரு கிண்ணத்தில் மீன் வடிவ பிஸ்கட், இன்னொன்றில் பச்சை பிராக்கோலி. பிள்ளைகளுக்குப் பிடித்தது பிஸ்கட். ஆனால் எதிரே உட்கார்ந்த பெண் பிஸ்கட்டைச் சாப்பிட்டு "உவ்வே" என்று முகம் சுளித்தார், பிராக்கோலியைச் சாப்பிட்டு "ஆஹா" என்றார். பிறகு கையை நீட்டி, "எனக்குக் கொஞ்சம் தா" என்றார். 14 மாதக் குழந்தைகள் பிஸ்கட்டையே எடுத்துக் கொடுத்தார்கள். 18 மாதக் குழந்தைகள் பிராக்கோலியைக் கொடுத்தார்கள். தங்களுக்குப் பிடிக்காத ஒன்று இவருக்குப் பிடிக்கிறது என்பது ஒன்றரை வயதில் புரிந்துவிடுகிறது.

ஆக, திறமை உங்கள் மகளுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த முறை மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போய், "பாட்டிக்குப் பிடிச்சது ஒண்ணு, அப்பாவுக்குப் பிடிச்சது ஒண்ணு எடு" என்று சொல்லுங்கள். அப்பா கருவாட்டுப் பிரியராக இருந்து, அவள் மூக்கைச் சுருக்கிக்கொண்டே கருவாட்டுப் பொட்டலத்தைக் கூடையில் போட்டால் கட்டிப்பிடித்து முத்தம் கொடுங்கள்.

கே: மார்க்கெட்டுக்குள் நுழைந்தாலே இரண்டரை வயது மகன் கத்தி அழுகிறான். எனக்கோ அது சொர்க்கம்.
– நேதாஜி நகர் வாசகி

ப: நீங்கள் இருவரும் ஒரே மார்க்கெட்டுக்குப் போகவில்லை. ஒரு நிமிடம் அவன் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து பாருங்கள். தொங்கும் வாழைத்தாரும் கறிவேப்பிலைக் கட்டும் அங்கிருந்து தெரியாது. தெரிவது ஈரத் தரை, அதில் ஒட்டிக் கிடக்கும் மீன் செதில், இடைவிடாமல் நகரும் கால்கள், முகத்தில் வந்து இடிக்கும் ஈரப் பைகள். கண்ணுக்கு நேரே கோழிக் கூண்டு.

"சின்னப் பிள்ளைக்குத் தன் பார்வை தவிர வேறு தெரியாது" என்று ஒரு காலத்தில் உறுதியாகச் சொன்னார்கள். ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் 1948-ல் எழுதிய ஆய்வில் மூன்று மலைகளின் மாதிரியை மேசையில் வைத்து, அந்தப் பக்கம் இருக்கும் பொம்மைக்கு என்ன தெரியும் என்று கேட்டார்கள். சிறுசுகள் தங்களுக்குத் தெரிந்ததையே காட்டினார்கள். பிறகு எடின்பரோவில் மார்ட்டின் ஹியூஸ் மலையை எடுத்துவிட்டுப் போலீஸ் பொம்மையைக் கொண்டுவந்தார். "போலீஸ்காரர் கண்ணில் படாமல் இந்தப் பையனை ஒளித்து வை" என்றதும், மூன்றரை வயதுப் பிள்ளைகள்கூடச் சரியான சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். மலை அவர்களுக்கு அந்நியம், ஒளிந்து விளையாடுவது பழக்கம். பிள்ளையிடம் குறை காண்பதற்கு முன் நம் கேள்வியைச் சரிபார்க்க வேண்டும்.

அவனைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள். "கீழே இருந்து உனக்குக் கோழி மட்டும்தான் தெரிஞ்சுது, இல்ல?" என்று சொல்லுங்கள். தன் பார்வையை ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்ற அனுபவம் முதலில் அவனுக்குக் கிடைக்கட்டும்.

கே: "உனக்கு யாராவது இப்படிச் செஞ்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஐந்து வயதுப் பையன் "எனக்குப் பரவாயில்லையே" என்கிறான்.
– கிழக்கு கித்வாய் நகர்

ப: உண்மையைத்தான் சொல்கிறான். அவன் மேல் தண்ணீர் தெளித்தால் அவனுக்குக் கொண்டாட்டம், தம்பிக்கு அழுகை. அந்தக் கேள்வி பிள்ளையை மறுபடியும் அவனுக்குள்ளேயே அனுப்பிவைக்கிறது. அங்கே தம்பி இல்லை. அதனால் "தம்பி முகத்தைப் பாரு. அவனுக்கு இப்ப என்ன வேணும்?" என்று கேளுங்கள்.

இதை நீங்களே பார்த்து நம்ப வேண்டுமென்றால் ஐ.என்.ஏ.வின் மீன் பகுதியில் கால் மணி நேரம் ஓரமாக நில்லுங்கள். பலகையில் ஒரு பெரிய ரோகு மீன் கிடக்கிறது. வங்காளி அம்மா வருகிறார், செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்க்கிறார், தலையை முழுசாகக் கேட்டு வாங்குகிறார். பருப்பில் போட அது வேண்டும். வயிற்றுத் துண்டு தனி, முதுகுத் துண்டு தனி. அடுத்து வரும் தூதரகக்காரருக்குத் தலையே கண்ணில் படக் கூடாது, முள் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மலையாளி சேச்சிக்குக் குடம்புளிக் குழம்புக்கு ஏற்ற அளவில் துண்டு வேண்டும். நம் தூத்துக்குடிக்காரர் "ஆத்து மீனா? சேத்து வாடை அடிக்கும்" என்று நகர்ந்துபோய் வஞ்சிரம் விசாரிக்கிறார். அந்த வங்காளி அம்மாவைக் கேட்டால், கடல் மீனுக்குத்தான் வாடை என்பார்.

மீன்காரர் கத்தியை வைப்பதற்கு முன் கேட்பது ஒரே கேள்வி: "வறுக்கவா, குழம்புக்கா?" தனக்கு எப்படிப் பிடிக்கும் என்று யோசித்து வெட்டினால் அன்றைய வியாபாரம் முடிந்தது. நாள் முழுக்க அடுத்தவர் வாயை மனதில் வைத்து வெட்டுகிற மனிதர் அவர். பிள்ளைக்கு அவரைக் காட்டுங்கள். "இப்ப வர்ற ஆன்ட்டி தலையை வாங்கிப்பாங்களா, வேண்டாம்பாங்களா?" என்று ஊகிக்கச் சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால் இன்னும் நல்லது. "வங்காளி என்றால் தலை" என்று அவன் முடிவு கட்டும் நேரத்தில், தலை பிடிக்காத ஒரு வங்காளி வந்து நிற்பார். ஆளைப் பார்த்து முடிவு செய்யாமல் ஆளிடமே கேட்க வேண்டும் என்பதை அவரைவிட நன்றாக யார் சொல்லிக் கொடுக்க முடியும்?

கே: இதையெல்லாம் எந்த வயதில் தொடங்குவது? எங்கள் வீட்டில் யாரும் அதிகம் பேசமாட்டோம்.
– சரோஜினி நகர்

ப: அப்படியானால் பேச்சில் தொடங்குங்கள், இன்றைக்கே.

1983-ல் ஹைன்ஸ் விம்மர், யோசப் பெர்னர் இருவரும் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்சி சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வரும் மாக்சி எங்கே தேடுவான்? மூன்று வயது, "இப்போ இருக்கிற இடத்தில்" என்கிறது. நாலு, ஐந்து வயதில் "அவன் வச்ச இடத்தில்" என்ற பதில் வரத் தொடங்குகிறது. கேமரூன் காட்டில் வாழும் பாக்கா மக்களின் பிள்ளைகளிடம் மாங்கொட்டைப் பருப்பை வைத்து இதே சோதனையைச் செய்து 1991-ல் வெளியிட்டார்கள். அங்கேயும் ஏறக்குறைய இதே வயதுக் கணக்குதான். வீட்டில் முறுக்கு டப்பாவை வைத்து நீங்களும் செய்து பார்க்கலாம்.

ஆனால் வயது தானாக எல்லாவற்றையும் செய்துவிடாது. காது கேளாத பிள்ளைகளில், சைகை மொழி பேசும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் இந்தப் படியை உரிய காலத்தில் ஏறுகிறார்கள். சைகை தெரியாத பெற்றோருக்குப் பிறந்தவர்கள் வருடக்கணக்கில் பின்தங்குகிறார்கள். நிகராகுவாவில் 1970-களின் கடைசியில் ஒன்றுகூடிய காது கேளாத பிள்ளைகள் தங்களுக்கென ஒரு சைகை மொழியையே உருவாக்கினார்கள். அந்த முதல் தலைமுறையிடம் 'நினைக்கிறான்', 'தெரியாது' போன்ற சைகைகள் குறைவு. பெரியவர்களான பிறகும் மாக்சி மாதிரிக் கேள்விகளில் தடுமாறினார்கள். அந்தச் சைகைகள் கிடைத்த பிறகு பதில்களும் திருந்தின. 2009-ல் இது வெளியானது. படித்ததிலிருந்து என் மனதை விட்டு அகலாத ஆய்வு இது.

பெரிய பேச்சு எதுவும் தேவையில்லை. "அப்பா நாம மெட்ரோ வாசல்ல நிக்கிறோம்னு நினைச்சுட்டு அங்கே தேடிட்டிருக்கார்." "கடைக்காரர் நாம ரெண்டு கட்டு கேட்டோம்னு தப்பா புரிஞ்சுக்கிட்டார்." இப்படி நினைத்தது, மறந்தது, தப்பாகப் புரிந்துகொண்டது எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கே: நாலு வயதுப் பையன் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டான். லட்டைத் தின்றுவிட்டு "பூனை" என்கிறான்.
– மோதி பாக்

ப: முதலில் ஒரு நல்ல செய்தி. என் தலைக்குள் இருப்பது அம்மா தலைக்குள் இல்லை என்று கண்டுபிடித்த பிள்ளைதான் பொய் சொல்ல முடியும். அவன் மாக்சி கணக்கைப் போட்டுவிட்டான். அடிக்காதீர்கள். "பூனைன்னு நான் நம்பியிருந்தா, பாவம், பூனைக்கு இன்னைக்குப் பால் கிடைச்சிருக்காது" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்தவர் மனதுக்குள் பொய்யை வைக்கத் தெரிந்தவனுக்கு, அது அங்கே போய் என்ன செய்யும் என்பதையும் காட்ட வேண்டும்.

கே: திருநெல்வேலியிலிருந்து பாட்டி போனில் "சாப்பிட்டியா?" என்றால் பேத்தி தலையை மட்டும் ஆட்டுகிறாள். வீடியோ இல்லை, வெறும் போன்!
– ஒரு தாத்தா, ஆர்.கே.புரம்

ப: பாட்டி பக்கத்தில் இருப்பதாகவே நினைக்கிறாள், கொடுத்துவைத்த பாட்டி. "பாட்டிக்கு உன் குரல் மட்டும்தான் வருது, தலை வரலை" என்று சொல்லுங்கள். பிறகு ஒரு நாள் நீங்களும் அவளும் இரண்டு அறைகளில் இருந்துகொண்டு போனில் பேசுங்கள். நீங்கள் பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டுங்கள். "தாத்தா, பேசு!" என்று அவளே கத்துவாள்.

கே: அடுத்தவர் பார்வை, அடுத்தவர் பார்வை என்று சொல்லிக் கொடுத்தால் நாளைக்குப் பெரியவர்கள் பேச்சைக் கேட்குமா பிள்ளை?
– கரோல் பாக், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்

ப: ஐயா, புரிந்துகொள்வது வேறு, ஒத்துக்கொள்வது வேறு. நம் காப்பியம் ஒன்றே இதற்குச் சாட்சி. மணிமேகலை வஞ்சி நகரத்துக்குப் போய், வைதிகவாதி தொடங்கி ஒவ்வொரு சமயத்தவரிடமும் "உங்கள் கொள்கை என்ன?" என்று கேட்கிறாள். காப்பியத்தை எழுதிய சாத்தனார் இதற்கென்றே ஒரு முழுக் காதையை ஒதுக்கியிருக்கிறார். சைவவாதி, வைணவவாதி, ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி என்று அத்தனை பேரும் தங்கள் பக்கத்தைச் சொல்கிறார்கள், அவள் கேட்கிறாள். கேட்டு முடித்து எவர் பக்கமும் சாயவில்லை. காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் பௌத்தத்தைக் கேட்டு ஏற்கிறாள். எல்லோரையும் கேட்டதால் அவள் குழம்பிப் போகவில்லை. தன் முடிவு எதற்கென்று தெரிந்து முடிவெடுத்தாள்.

பேரனிடம் உங்கள் பக்கத்தையும் சொல்லுங்கள். "எட்டு மணிக்குப் படு" என்பது கட்டளை. "உனக்கு விளையாட ஆசை, எனக்கு நாளைக்குக் காலையில உன்னை எழுப்புற கவலை" என்பது இரண்டு பக்கமும் தெரிகிற கட்டளை. இரண்டிலும் அவன் எட்டு மணிக்குப் படுக்கத்தான் வேண்டும்.

கே: நாங்கள் சைவம். காய்கறிக் கடைக்குப் போகிற வழியில் மீன் வாடை. மகளும் என்னைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு "ச்சீ" என்கிறாள். தப்பா?
– லோதி காலனி

ப: வாடை பிடிக்காததில் தப்பே இல்லை. சாப்பாட்டுப் பழக்கம் உங்கள் உரிமை. ஆனால் "ச்சீ" மீனை நோக்கிப் போகவில்லை, மீனை வாங்கிக்கொண்டு நிற்கிறவரை நோக்கிப் போகிறது. பிள்ளை கற்றுக்கொள்வதும் அதைத்தான்.

தில்லிக்கு இது தெரிந்த கதை. 2007-ல் தில்லி போலீஸ் வடகிழக்கு மாநில மாணவர்களுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. மூங்கில் குருத்து, அகுனி போன்ற வாசனை அடிக்கும் உணவுகளை அக்கம்பக்கத்தில் ரகளை வராமல் சமைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் அறிவுரை இருந்தது. அகுனி என்பது நாகாலாந்தின் புளிக்கவைத்த சோயா. வீட்டிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து படிக்கிற பெண்ணுக்கு அது அம்மா சமையல். முகம் சுளித்த பக்கத்து வீட்டுக்கு அறிவுரை இல்லை, சமைத்த பிள்ளைகளுக்குத்தான் அறிவுரை. எனக்கு அதைப் படித்தபோது கோபம் வந்தது, இன்றைக்கும் வருகிறது. நம் வீட்டுப் பெருங்காயத்தையும் சாம்பார் கொதியையும் யாராவது அப்படிச் சொன்னால் நாம் பொறுப்போமா?

மகளிடம் இப்படிச் சொல்லலாம்: "நம்ம வீட்டுல மீன் சாப்பிடறதில்ல. நமக்கு இந்த வாசனை பழக்கமில்ல. அந்த அங்கிளுக்கு இது ஊர் ஞாபகம்." மூக்கு பொறுக்காவிட்டால் வேகமாக நடந்து போங்கள். கை மட்டும் கீழேயே இருக்கட்டும்.

கே: கோழிக் கூண்டைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து ஆறு வயது மகன் சிக்கனைத் தொடமாட்டேன் என்கிறான். வீட்டில் மற்ற எல்லோரும் சாப்பிடுவோம்.
– பஞ்சாபி பாக்

ப: கூண்டுக்குள்ளிருந்து அவன் உலகத்தைப் பார்த்துவிட்டான். "கோழிக்கு ஒண்ணும் தெரியாதுடா" என்று பொய் சொல்லி அதைக் கலைக்காதீர்கள். கேலியும் வேண்டாம். பருப்பு, முட்டை, பயறு கொடுங்கள், மருத்துவரிடம் எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தட்டில் சிக்கன் வைத்துச் சாப்பிடும் அக்காவைத் திட்டக் கூடாது. கோழியின் பக்கம் போனவன் அக்காவின் பக்கமும் போய்வர வேண்டும்.

கே: வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி, மார்க்கெட்டில் மலையாளம். பிள்ளை குழம்பாதா?
– ஜனக்புரி

ப: பிழைத்துக்கொள்வாள், கூடவே கெட்டிக்காரியாகவும் ஆவாள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஒரு சோதனையை மட்டும் சொல்கிறேன். நாலிலிருந்து ஆறு வயதுப் பிள்ளைகள். எதிரே ஒரு பெரியவர். நடுவில் கட்டம் கட்டமான அலமாரி, மூன்று அளவில் மூன்று கார். மிகச் சின்ன கார் பெரியவர் கண்ணுக்கு மறைவாக இருக்கிறது, பிள்ளைக்கு மட்டும் தெரிகிறது. "சின்ன காரை நகர்த்து" என்கிறார் பெரியவர். அவர் எதைச் சொல்கிறார்? அவருக்குத் தெரிகிறவற்றில் சின்னதைத்தானே! ஒரே மொழி மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் ஏறக்குறைய பாதித் தடவைதான் சரியாக எடுத்தார்கள். இருமொழிப் பிள்ளைகள் முக்கால்வாசித் தடவை சரியாக எடுத்தார்கள். இதில் எனக்குப் பிடித்த சங்கதி வேறு: இரண்டாவது மொழியைப் பேசத் தெரியாமல் சுற்றிலும் கேட்டு மட்டும் வளர்ந்த பிள்ளைகளும் இருமொழிப் பிள்ளைகள் அளவுக்கே செய்தார்கள்.

யாருக்கு எந்த மொழி புரியும், யார் யாரிடம் எதில் பேசுகிறார்கள் என்று உங்கள் மகள் தினமும் கணக்குப் போடுகிறாள். தேங்காய்க் கடைக்காரர் அடுத்த ஆளைப் பார்த்ததும் மொழியை மாற்றுவதை அவள் கவனித்துக்கொண்டுதான் நிற்கிறாள். மார்க்கெட்டில் அவசரப்படுத்தாதீர்கள்.

கே: பள்ளியில் இதற்கெல்லாம் பாடம் வைக்கக் கூடாதா?
– லட்சுமிபாய் நகர், ஆசிரியை

ப: வைத்தார்கள், அதுவும் நீங்கள் காய் வாங்குகிற இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில். 2018 ஜூலை 2 அன்று ஐ.என்.ஏ. பகுதியிலுள்ள தியாகராஜ் விளையாட்டரங்கத்தில் தலாய் லாமா தொடங்கிவைத்ததுதான் தில்லி அரசின் மகிழ்ச்சிப் பாடத்திட்டம். நர்சரி முதல் எட்டாம் வகுப்பு வரை தனிப் பீரியடு இருந்தது. கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார்வது, ஒரு கதை, கதையைப் பற்றி ஒரே விடை இல்லாத கேள்விகள், ஒரு செயல்பாடு. பரீட்சை வைக்கவில்லை. 2020 பிப்ரவரியில் மெலனியா டிரம்ப் மோதி பாக் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் இந்த வகுப்பைப் பார்க்க வந்தார்.

பரீட்சை வைக்காததை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அடுத்தவர் மனதைப் புரிந்துகொள்வதற்கு மார்க் போட்டால், பிள்ளைகள் ஆசிரியர் மனதை மட்டும் படிக்கக் கற்றுக்கொள்வார்கள். ஒரு குறையும் சொல்ல வேண்டும். பீரியடு மணி அடித்ததும் அடுத்து வரும் கணக்கு வகுப்பில் ஒரே குரல்தான் சரி என்று ஆகிவிட்டால் முந்தைய பீரியடு வீண். "இந்தக் கணக்கை இவள் ஏன் இப்படிப் போட்டாள் என்று யாராவது சொல்ல முடியுமா?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் டீச்சர்.

கே: மகன் படிக்கும் தனியார் பள்ளியில் ஏழைக் குடும்பப் பிள்ளைகளையும் சேர்த்திருக்கிறார்கள். அவனுக்கு நல்லதா, கெட்டதா? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், தெற்கு தில்லி

ப: நல்லது. மனதில் பட்டது மட்டும் இல்லை, அளந்தும் பார்த்திருக்கிறார்கள், உங்கள் தில்லியிலேயே.

அரசு நிலத்தைச் சலுகையில் வாங்கிய தில்லித் தனியார் பள்ளிகள் 2007 முதல் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்க வேண்டி வந்தது. பிறகு கல்வி உரிமைச் சட்டம் வந்து, 2010 முதல் தனியார் பள்ளிகளுக்கு 25 சதவீதம் என்று நாடு முழுக்க ஆக்கியது. பொருளாதார அறிஞர் கௌதம் ராவ் இதை வைத்து ஓர் ஆய்வு செய்து 2019-ல் வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த வசதியான பிள்ளைகளையும் அப்படிப் படிக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டார்.

ஒரு சோதனை ரிலே ஓட்டம். ஜெயித்தால் பரிசுப் பணம். ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: வேகமாக ஓடும் ஏழைப் பையனா, மெதுவாக ஓடும் வசதியான பையனா? ஏழைப் பிள்ளைகளோடு பழகாதவர்களில் கணிசமானோர், பரிசு போனாலும் பரவாயில்லை என்று வசதியான பையனை எடுத்தார்கள். சேர்ந்து படித்தவர்களிடம் அந்த ஒதுக்கல் வெகுவாகக் குறைந்திருந்தது. தர்ம காரியத்துக்கு நேரம் கொடுப்பது, கையிலிருப்பதைப் பகிர்வது, வீட்டுக்கு வந்து விளையாடச் சம்மதிப்பது எல்லாமே கூடியிருந்தன. உங்களை உறுத்தும் மார்க் விஷயத்தையும் மறைக்கவில்லை: ஆங்கிலத்தில் கொஞ்சம் சரிவு, இந்தியிலும் கணக்கிலும் பெரிதாக மாற்றமில்லை.

ஏன் மாறினார்கள் என்பதுதான் முக்கியம். சில பள்ளிகளில் பெயரின் அகர வரிசைப்படி படிப்புக் குழு பிரித்தார்கள். தன் பெயருக்கு அடுத்த எழுத்தில் ஓர் ஏழைப் பிள்ளையின் பெயர் வந்தவன் அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்தான், ரப்பரைக் கடன் வாங்கினான், சண்டை போட்டான். மாற்றத்தில் கணிசமான பங்கு அந்த மேசையில்தான் நடந்தது. ஒரே கட்டடத்தில் இருந்தால் போதாது. ஆகவே, உங்கள் மகனின் பிறந்தநாளுக்கு அந்தப் பிள்ளைகளையும் அழையுங்கள். அவர்கள் வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் நீங்களும் போங்கள்.

கே: மகள் வகுப்பில் ஆட்டிசம் உள்ள ஒரு பையன். "அவனுக்கு அடுத்தவங்க மனசு புரியாதாம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறாள்.
– கிரீன் பார்க்

ப: யாரோ பெரியவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாள். 1985-ல் லண்டனில் நடந்த ஒரு சோதனையில், மாக்சி மாதிரிக் கேள்விக்கு ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் தடுமாறினார்கள். அதிலிருந்து பரவிய பேச்சு இது. 2012-ல் ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் திருப்பிக் கேட்டார்: அவர்களுக்கு உங்கள் மனம் புரியவில்லை என்கிறீர்களே, உங்களுக்கு அவர்கள் மனம் புரிகிறதா? நியாயமான கேள்வி. அந்தப் பையன் மணி அடிக்கும்போது காதைப் பொத்துகிறானா, ஒரே பென்சில் டப்பாவைத்தான் வைத்துக்கொள்கிறானா என்று கவனிக்கச் சொல்லுங்கள். அவனுக்கு எது தொல்லை, எது சந்தோஷம் என்று உங்கள் மகள் ஒரு வாரத்தில் வந்து சொல்வாள். அவனுடைய பெற்றோரிடம் பேசினால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கே: யானையைத் தடவிய பார்வையற்றவர்கள் கதை சொல்லிக் கொடுக்கலாமா?
– ஆர்.கே.புரம்

ப: எனக்கு அந்தக் கதையில் ஒரு மனக்குறை உண்டு. சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் யானை முழுசாகத் தெரிகிறது, தடவுகிறவர்களுக்கு மட்டும் தெரியவில்லை. பிள்ளை தன்னை யாராக நினைத்துக்கொள்ளும்? முழு யானையையும் பார்க்கிற ஆளாகத்தான். பௌத்த உதானத்தில் வரும் வடிவத்தில் ஒரு ராஜாதான் அவர்களை வரவழைத்து வேடிக்கை பார்த்து மகிழ்கிறார். நம் பிள்ளைகள் அந்த ராஜா ஆக வேண்டாம்.

சொல்லத்தான் வேண்டுமென்றால், பிள்ளையின் கண்ணைக் கட்டிவிட்டுச் சொல்லுங்கள். பலாப்பழத்தில் ஓர் இடம், காம்பில் ஓர் இடம், உரித்த சுளையில் ஓர் இடம் என்று மூன்று பிள்ளைகளைத் தொடச் சொல்லி, "என்ன பழம்?" என்று சண்டை போட விடுங்கள். யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஒருவரை ஒருவர் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். லோதி ரோடு பகுதியில் பிளைண்ட் ரிலீஃப் அசோசியேஷன் நடத்தும் பள்ளி இருக்கிறது. தீபாவளி மேளாவுக்கு ஊரே போகிறது. பிள்ளையையும் கூட்டிப் போங்கள். பார்வையற்ற ஒருவர் எவ்வளவு சரியாகக் காரியம் செய்கிறார் என்று பார்த்த பிள்ளையிடம் அந்தப் பழைய கதை எடுபடாது.

கே: நான் பேரம் பேசும்போது ஏழு வயது மகள் கடைக்காரர் முன்னாலேயே "பாவம்மா, அந்த அங்கிள் கேட்டதைக் கொடுத்துடு" என்கிறாள். பேரமே போச்சு!
– மாளவியா நகர்

ப: பேரம் போனால் போகட்டும், மகள் கிடைத்திருக்கிறாள். ஆனால் அவளுக்கு அங்கிள் பக்கம் மட்டும்தான் தெரிகிறது, உங்கள் பக்கம் தெரியவில்லை. கடைக்குப் போகும் முன்னே பர்ஸைத் திறந்து காட்டுங்கள். "இவ்வளவுதான் இன்னைக்கு. இதுல காய், தேங்காய், உனக்கு நேந்திரம் சிப்ஸ், அப்புறம் ஆட்டோ." அவளும் ஒரு கணக்குப் போடட்டும். கூட்டம் இல்லாத நேரத்தில் கடைக்காரரிடமே கேட்கச் சொல்லுங்கள்: முருங்கைக்காய் எங்கிருந்து வருது, வழியில எவ்வளவு வாடிப்போகும், சாயங்காலம் மிஞ்சினதை என்ன பண்ணுவீங்க? பிள்ளைகள் கேட்டால் அவர்கள் சொல்வார்கள். பிறகு ஒரு நாள் பேரத்தை அவளிடமே விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் தெரிந்தவள் ஒரு விலை சொல்வாள். அந்த விலைக்கு வாங்கிக்கொண்டு வாருங்கள்.